கேள்வி – பதில்: கணினிகள் தங்களுக்குள் டேட்டா கொடுத்து வாங்கும்போது

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "நெட்வொர்க்கில் ஓடுவது வெறும் பைட்டுகள். எந்த பைட் என்ன என்பதை இரண்டு பக்கத்தாரும் முதலிலேயே எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும்." அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் பக்கம் முழுவதையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மேடம், லேபில் ஒரு சி புரோகிராமிலிருந்து ஸ்ட்ரக்டை அப்படியே சாக்கெட்டில் எழுதி அனுப்பினோம். இன்னொரு லேப்டாப்பில் சரியாக வந்து சேர்ந்தது. ஆனால் எங்கள் ஆசிரியர் "இப்படி அனுப்பவே கூடாது" என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். சரியாகத்தானே வேலை செய்தது?
– கணினி அறிவியல் மாணவி, சிவகாசி

பதில்: ஆசிரியர் சொன்னது சரி. (மற்றவர்களுக்கு: ஸ்ட்ரக்ட் என்றால் பல மதிப்புகளை மெமரியில் ஒன்றாக அடுக்கிய தொகுப்பு, சாக்கெட் என்றால் நெட்வொர்க்குக்கான வாசல், கம்பைலர் என்றால் நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்.) உங்கள் இரண்டு லேப்டாப்பிலும் ஒரே வகை பிராசசர், ஒரே கம்பைலர். அதனால் ஒத்துப்போனது.

258 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 32 பிட்டில் அதற்கு நான்கு பைட். பதினாறடிமான முறையில் எழுதினால் 00 00 01 02. பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும் கணினி இதே வரிசையில் வைக்கும். அதை பிக் எண்டியன் என்கிறோம். உங்கள் லேப்டாப்பில் இருக்கும் இன்டெல் சிப், சின்ன மதிப்பை முதலில் வைக்கும் லிட்டில் எண்டியன். அது வைப்பது 02 01 00 00. இந்த நான்கு பைட்டையும் அப்படியே ஒரு ஐபிஎம் மெயின்ஃப்ரேமுக்கு அனுப்பினால் அது 3,36,19,968 என்று படித்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. புரோகிராம் நிற்காது. தப்பான எண் நல்ல எண்ணைப் போலவே கோப்பில் போய் உட்காரும். எனக்கு இதில் பயமான இடம் அதுதான்.

எந்த வரிசை சிறந்தது என்று ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. 1980 ஏப்ரல் 1ஆம் தேதியிட்ட ஒரு கட்டுரையில் டேனி கோஹன் என்ற கணினி அறிஞர், எது சிறந்தது என்பதைவிட எல்லோரும் ஒன்றை ஒப்புக்கொள்வதுதான் முக்கியம் என்று வாதாடினார். பிக் எண்டியன், லிட்டில் எண்டியன் என்ற பெயர்கள் நம் துறைக்குள் வந்ததே அந்தக் கட்டுரையால்தான்.

பைட் வரிசையோடு தொல்லை தீரவில்லை. ஸ்ட்ரக்டில் முதலில் ஒரு கேரக்டர் (ஒரு எழுத்து, 1 பைட்), அடுத்து ஒரு இன்ட் (முழு எண், 4 பைட்) என்று வைத்தால் டேட்டா 5 பைட்தான். ஆனால் பெரும்பாலான கம்பைலர்கள் நடுவில் 3 பைட் இடம் விட்டு 8 பைட்டாக அடுக்கும். அந்த 3 பைட்டில் மெமரியில் முன்பு கிடந்த ஏதோ ஒன்று இருக்கும், அதையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவீர்கள். கடவுச்சொல்லின் ஒரு துண்டாகவும் அது இருக்கலாம். அப்புறம் முழு எண்ணுக்கான 'லாங்' என்ற வகை: 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். ஒரே லேப்டாப்பில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டிருந்தாலே உங்கள் ஸ்ட்ரக்ட் ஒத்துப்போகாது.

மெமரியில் எப்படி அடுக்குவது என்பது அந்தந்த கம்பைலரின் சொந்த விஷயம். வெளியே அனுப்புவதற்குத் தனியாக ஒரு பொது வடிவம் வேண்டும். அடுத்த முறை அதை எழுதிக் காட்டுங்கள், குறைத்த மதிப்பெண் திரும்பி வரும்.

கேள்வி: என் மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று கேட்டால் "ஸ்கீமா எழுதுகிறேன் அம்மா" என்கிறாள். அப்படியென்றால் என்ன?
– இல்லத்தரசி, மன்னார்குடி

பதில்: வங்கியில் பணம் கட்டும் செலானைப் பார்த்திருப்பீர்கள். கணக்கு எண்ணுக்கு இத்தனை கட்டம், தொகை எண்ணால் ஒரு இடம், எழுத்தால் ஒரு இடம், தேதி மேலே என்று அச்சடித்திருப்பார்கள். நீங்கள் நிரப்பிக் கொடுத்ததை, உங்களை முன்பின் பார்த்திராத காசாளர் ஒரு கேள்வியும் கேட்காமல் படித்துவிடுகிறார். கணினிகளுக்கான அந்த வெற்றுச் செலானை வடிவமைப்பதுதான் உங்கள் மகளின் வேலை. எந்த இடத்தில் எண், எந்த இடத்தில் எழுத்து, எது கட்டாயம், எது விட்டாலும் சரி என்றெல்லாம் முடிவு செய்து எழுதுகிறாள். அப்படி எழுதியதுதான் ஸ்கீமா, தமிழில் விவரணை என்பேன்; அதில் உள்ள ஒவ்வொரு இடமும் ஒரு புலம். அவள் எழுதியதை நம்பி, அவள் பார்த்தேயிராத யாரோ வேறு ஊரில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவார். பொறுப்பான வேலை. நான் வாழ்த்தியதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் கோப்புகளைப் பகிர என்எஃப்எஸ் வைத்திருக்கிறோம். அதைப் பற்றிப் படிக்கும்போது எக்ஸ்டிஆர் என்ற பெயர் வருகிறது. 1987ஆம் ஆண்டு ஆவணம் என்கிறார்கள். இன்னும் ஏன் அதையே வைத்திருக்கிறார்கள்? ஆமா, இல்லை என்று சொல்வதற்குக்கூட நான்கு பைட் எடுத்துக்கொள்கிறதாமே, வீண் இல்லையா?
– நெட்வொர்க் நிர்வாகி, ஓசூர்

பதில்: இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்டிஆர் என்பது கணினிகள் தங்களுக்குள் டேட்டா அனுப்புவதற்கான ஒரு பொது வடிவம். உருவாக்கியது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனம். 1987 ஜூனில் ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 1014 என்ற எண்ணில் வெளியிட்டார்கள். 1995இல் 1832, 2006இல் 4506 என்று புது எண்களில் திருத்தி வெளியிட்டாலும் அடிப்படை மாறவில்லை. அந்த முதல் ஆவணம் எந்தெந்தக் கணினிகளுக்கு நடுவே இதைப் பயன்படுத்தினார்கள் என்று ஒரு பட்டியல் தருகிறது: சன் வொர்க்ஸ்டேஷன், வாக்ஸ், ஐபிஎம் பிசி, கிரே. இந்த நான்கும் எவ்வளவு வேறுபட்டவை என்பது அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் இருந்த ஆய்வுக்கூடத்தில் சன்னும் வாக்ஸும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தன. வாக்ஸில் 1.0 என்ற தசம எண் மெமரியில் 80 40 00 00 என்று உட்கார்ந்திருக்கும். அதை அப்படியே சன்னுக்கு அனுப்பினால், அது பூஜ்ஜியத்தை ஒட்டிய ஒரு மிக மிகச் சிறிய எதிர்மறை எண் என்று படிக்கும். வரிசையைத் திருப்பிப் போட்டாலும் சரியாகாது. தசம எண்ணை எழுதும் முறையே இரண்டிலும் வேறு.

இதற்கு எக்ஸ்டிஆர் சொன்ன வழி எளிமையானது. உன் கணினிக்குள் நீ எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள், கம்பியில் போகும்போது ஒரே ஒரு வடிவம்தான். முழு எண் என்றால் 4 பைட், பிக் எண்டியன். பெரிய எண் என்றால் 8 பைட், அதன் பெயர் ஹைப்பர். தசம எண் என்றால் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த முறை. எழுத்துச் சரம் என்றால் முதலில் நீளம் 4 பைட்டில், பிறகு எழுத்துகள், பிறகு மொத்தம் நான்கின் மடங்காகும் வரை பூஜ்ஜியம்.

என்னிடம் படிக்க வருகிறவர்களை முதல் நாளே ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டு வாங்கி வரச் சொல்வேன். ஒரு கட்டத்துக்கு ஒரு பைட், வரிசைக்கு நான்கு. அந்த ஆவணத்தின் கடைசிப் பகுதியில் ஒரு மாதிரிக் கோப்பு இருக்கிறது. பெயர் 'சில்லிபுரோக்', ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. உரிமையாளர் 'ஜான்', நான்கு எழுத்து. அதை இயக்கும் மொழி 'லிஸ்ப்', நான்கு. கோப்புக்குள் இருப்பது அடைப்புக்குறிக்குள் 'குவிட்', இரண்டு குறிகளையும் சேர்த்து ஆறு எழுத்து. இதை நோட்டில் எழுதினால் முதல் வரிசை 00 00 00 09. அடுத்த மூன்று வரிசைகளில் ஒன்பது எழுத்தும் மூன்று பூஜ்ஜியமும். அடுத்து 00 00 00 02, அதாவது 'இது இயங்கும் கோப்பு'. இப்படியே போனால் பன்னிரண்டு வரிசையில், 48 பைட்டில் முடியும். கணினியே இல்லாமல் பென்சிலால் எழுதி முடித்துவிடலாம். ஒரு தடவை எழுதியவர்கள் பிறகு மறப்பதில்லை.

48 பைட்டில் உண்மையான எழுத்து 23தான். நீங்கள் கேட்ட 'வீண்' இதுதான். அதற்கும் அந்த ஆவணத்திலேயே காரணம் சொல்லியிருக்கிறார்கள். அலகை 2 பைட்டாக வைத்தால் டேட்டா சுருங்கும், ஆனால் பல கணினிகள் அந்த எல்லையில் படிக்கத் திணறும். 8 பைட்டாக வைத்தால் கிரே உட்பட எல்லாக் கணினிக்கும் வசதி, ஆனால் டேட்டா ஊதிவிடும். நடுவில் 4. கடைசியில் பூஜ்ஜியம்தான் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயத்துக்கும் காரணம் உண்டு: ஒரே டேட்டா எந்தக் கணினியிலிருந்து வந்தாலும் பைட்டுக்கு பைட் ஒன்றாக இருக்கும், அதனால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், செக்சம் (டேட்டா மாறிவிட்டதா என்று சரிபார்க்கும் எண்) போடலாம். ஒரு விதியை எழுதும்போது அதன் காரணத்தையும் கூடவே எழுதிய ஆவணங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனாலேயே அதன் மேல் எனக்குத் தனி மரியாதை.

நியாயமான குறை ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் இன்டெல் கணினி என்றால், அனுப்புகிறவரும் திருப்பிப் போட்டு, வாங்குகிறவரும் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. டிசிஇ ஆர்பிசி என்ற இன்னொரு முறை இதைத் தவிர்த்தது. அனுப்புகிறவர் தன் வழக்கப்படியே அனுப்பி, 'நான் இந்த வகைக் கணினி' என்று மேலே குறித்துவிடுவார். தேவைப்பட்டால் மட்டும் வாங்குகிறவர் மாற்றிக்கொள்வார். வேகம் கிடைக்கிறது. ஆனால் வாங்குகிறவர் எல்லா வகைகளையும் புரிந்துகொள்ளத் தயாராக இருக்க வேண்டும், எல்லாவற்றையும் சோதிக்கவும் வேண்டும். நான்கு பைட்டைத் திருப்பிப் போடுவது இன்றைய பிராசசருக்கு ஒரு வேலையே இல்லை. என் ஓட்டு எக்ஸ்டிஆருக்குத்தான்.

உங்கள் என்எஃப்எஸ் விஷயத்துக்கு வருவோம். எக்ஸ்டிஆரில் வகைக் குறிப்பு பைட்டுகளோடு போகாது. 00 00 00 09 என்பது நீளமா, மாணவர் எண்ணா, நிறக் குறியீடா என்று பைட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. விவரணை கையில் இருந்தால்தான் தெரியும். அதனால் நடுவில் ஒரு புலத்தைப் புதிதாகச் சேர்த்தால் பழைய புரோகிராம் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் படிக்கும். அதைத் தடுக்கத்தான், ஒரு கணினி இன்னொன்றிடம் வேலை கேட்டு அனுப்பும் ஒவ்வொரு அழைப்பிலும் புரோகிராம் எண்ணும் பதிப்பு எண்ணும் போகின்றன. என்எஃப்எஸ்ஸின் எண் 100003. இரண்டாம் பதிப்பில் கோப்பின் அளவுக்கு 32 பிட் மட்டும் ஒதுக்கியிருந்தார்கள். கோப்புகள் பெருத்தபோது அது போதவில்லை. 1995இல் வெளியான மூன்றாம் பதிப்பின் விவரணையில் அதை 64 பிட் ஆக்கினார்கள். பழைய பதிப்பைத் தொடவில்லை, பக்கத்தில் புதியதை வைத்தார்கள். உங்கள் சர்வரில் ஆர்பிசிஇன்ஃபோ கட்டளையை ஓட்டிப் பாருங்கள், 100003க்கு எதிரே எந்தெந்தப் பதிப்பு இருக்கிறது என்று வரும்.

கேள்வி: சரங்களுக்கும் வரிசைகளுக்கும் அதிகபட்ச நீளம் எழுதச் சொல்கிறார்கள். எழுதாவிட்டால் என்ன ஆகும்?
– மென்பொருள் சோதனையாளர், பெங்களூரு

பதில்: 2002இல் நடந்ததைச் சொல்கிறேன். சன் எழுதிய எக்ஸ்டிஆர் நூலகத்திலேயே, வரிசைகளைப் படிக்கும் பகுதியில் ஒரு ஓட்டை இருந்தது தெரியவந்தது. அந்த நிரலைப் பல யூனிக்ஸ் வகைகளும் எடுத்துப் பயன்படுத்தியிருந்ததால் ஓட்டை எல்லா இடத்துக்கும் பரவியிருந்தது. அமெரிக்காவின் செர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது.

கணக்கு இப்படி. வரிசையில் எத்தனை உறுப்புகள் என்று அனுப்புகிறவர் சொல்வார். அதை ஒரு உறுப்பின் அளவால் பெருக்கி அத்தனை இடம் ஒதுக்க வேண்டும். ஒருவர் 1,07,37,41,825 உறுப்புகள் என்கிறார், உறுப்புக்கு 4 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 4,29,49,67,300. 32 பிட்டில் இது அடங்காது, சுற்றிக்கொண்டு வந்து வெறும் 4 என்று நிற்கும். 4 பைட் இடம் ஒதுக்கிவிட்டு, நூறு கோடிக்கு மேல் உறுப்புகளை அதற்குள் எழுதத் தொடங்கும். அதன்பின் மெமரியில் எதை வேண்டுமானாலும் அழிக்கலாம், வெளியாள் தன் நிரலைக்கூட உள்ளே ஓட வைக்கலாம்.

விவரணையில் 'அதிகபட்சம் 255' என்று எழுதியிருந்து, படிக்கும் நிரல் பெருக்குவதற்கு முன்பே அதைச் சரிபார்த்தால் அந்த எண் வாசலிலேயே நின்றுவிடும். எல்லை தெரியாத இடத்திலும் ஒரு எல்லை எழுதுங்கள். பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: ஜேசான் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? மனிதர் படிக்கலாம், எல்லா மொழியிலும் வேலை செய்கிறது. நாங்கள் எல்லாவற்றுக்கும் ஜேசான்தான்.
– ஸ்டார்ட்அப் நடத்துபவர், கோவை

பதில்: தம்பி, டேட்டாவைப் படிக்கக்கூடிய எழுத்தாகவே எழுதி அனுப்பும் ஜேசானை நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்துப் பிழை தேடலாம் என்பது பெரிய வசதி. ஆனால் உங்கள் கடிதத்தில் "வங்கிக் கணக்கு எண்ணையும் எண்ணாகத்தான் அனுப்புகிறோம்" என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கேள்வியை எடுத்தேன்.

ஜேசானில் எண் என்று ஒரே ஒரு வகைதான். அது முழு எண்ணா, தசமமா, எத்தனை பிட் என்று எதுவும் சொல்லாது. ஜாவாஸ்கிரிப்ட் அதை 64 பிட் தசம எண்ணாக எடுத்துக்கொள்ளும். அதில் முழு எண்கள் 9007199254740992 வரைதான் ஒன்று விடாமல் சரியாக நிற்கும். 9007199254740993 என்று அனுப்பிப் பாருங்கள், கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். பதினாறு இலக்கத்திலும் 9 என்று அனுப்பினால் ஒன்றுக்குப் பின் பதினாறு பூஜ்ஜியமாக வந்து சேரும். ட்விட்டர் 2010இல் 64 பிட் அடையாள எண்களுக்கு மாறியபோது இதே சிக்கல்தான் வந்தது. அதனால் ஒவ்வொரு பதிவின் எண்ணையும் எண்ணாக ஒரு தடவை, சரமாக இன்னொரு தடவை என்று சேர்த்து அனுப்பினார்கள்.

அதோடு, நம் ஊரில் பல வங்கிக் கணக்கு எண்கள் பூஜ்ஜியத்தில் தொடங்கும். எண்ணாக வைத்தால் அந்த பூஜ்ஜியம் போய்விடும். கூட்டல் கழித்தல் செய்யப்போவதில்லை என்றால் அது எண்ணே இல்லை, எழுத்துச் சரம். கணக்கு எண், பின்கோடு, போன் நம்பர் மூன்றையும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். ஜேசானிலேயே இருங்கள், ஆனால் பக்கத்தில் ஒரு விவரணை எழுதி வைத்துக்கொண்டு இருங்கள்.

வேகமும் அளவும் முக்கியமாகும் நாள் வந்தால் புரோட்டோகால் பஃபர்ஸ் என்ற வடிவத்தைப் பாருங்கள். கூகுள் உள்ளுக்குள் வைத்திருந்ததை 2008இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதில் ஒவ்வொரு புலத்துக்கும் நீங்கள் ஒரு எண் தருகிறீர்கள். 1ஆம் புலத்தில் 150 என்ற மதிப்பு இருந்தால் கம்பியில் போவது 08 96 01, மூன்றே பைட். ஓரெழுத்துப் பெயர் வைத்து ஜேசானில் எழுதினாலே ஒன்பது பைட் ஆகும். சிறிய எண்ணுக்குக் குறைந்த பைட், பெரிய எண்ணுக்கு அதிக பைட் என்று நீளம் மாறும். மைனஸ் எண்களில் மட்டும் கவனம்: சாதாரண இன்ட் 32 வகையில் மைனஸ் ஒன்றுக்குக்கூட 10 பைட் எடுக்கும். மைனஸ் அடிக்கடி வரும் என்றால் அதற்கென்றே உள்ள எஸ்இன்ட் வகையை எடுங்கள்.

புல எண் கூடவே போவதால், தனக்குத் தெரியாத எண் வந்தால் பழைய புரோகிராம் அதைத் தாண்டிப் போய்விடும். எக்ஸ்டிஆரில் இல்லாத வசதி இது. ஆனால் இந்த வசதிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு புலத்தை நீக்கினால் அதன் எண்ணை மறுபடி வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது. 'ரிசர்வ்ட்' என்று எழுதி அதைப் பூட்டிவிடுங்கள். ஆறு மாதம் அப்டேட் செய்யாத ஒரு போன் எங்கோ இருக்கும், அது புதிய டேட்டாவைப் பழைய அர்த்தத்தில் படிக்கும். அதுவும் சத்தமில்லாமல் நடக்கும்.

கேள்வி: எங்கள் மீட்டர் 300 கோடி என்ற எண்ணை அனுப்புகிறது. சர்வரில் மைனஸ் 1,29,49,67,296 என்று வருகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?
– மின் பொறியாளர், திருப்பூர்

பதில்: மீட்டர் நன்றாக இருக்கிறது. அது 32 பிட்டில் குறியில்லாத, அதாவது மைனஸே வராத, எண் அனுப்புகிறது. உங்கள் சர்வர் ஜாவா என்று எழுதியிருக்கிறீர்கள். ஜாவாவின் இன்ட் வகையில் மைனஸ் உண்டு, குறியில்லாத வகை கிடையாது. 300 கோடியிலிருந்து 4,29,49,67,296ஐக் கழியுங்கள், நீங்கள் பார்த்த எண்ணே வரும். ஜாவா 8 முதல் டு அன்சைன்ட் லாங் என்ற வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். விவரணையில் 'குறியில்லாதது' என்ற சொல்லும் இருக்கட்டும்.

கேள்வி: டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழை நோட்பேடில் திறந்து பார்த்தேன். என்னுடையது, வாடிக்கையாளர்களுடையது எல்லாமே எம், ஐ, ஐ என்ற ஆங்கில எழுத்துகளில்தான் தொடங்குகின்றன. ஏன்?
– வரி ஆலோசகர், கும்பகோணம்

பதில்: நல்ல கண் உங்களுக்கு! சான்றிதழ்களை ஏஎஸ்என்.1 என்ற விவரணை மொழியில் எழுதுகிறார்கள். 1984இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு அமைப்பு வெளியிட்ட ஒரு தரத்தில் தொடங்கியது. எக்ஸ்டிஆருக்கு நேர் எதிரான வழி: ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் அதன் வகை, அடுத்து நீளம், அப்புறம்தான் மதிப்பு. 5 என்ற எண் 02 01 05 என்று போகும். 'முழு எண், ஒரு பைட், ஐந்து.'

சான்றிதழ் முழுவதும் ஒரு தொகுப்பு. தொகுப்புக்கான குறி 30. அதன் நீளம் பெரியதாக இருப்பதால் 'நீளத்தை அடுத்த இரண்டு பைட்டில் பார்' என்பதற்கு 82. இந்த 30 82ஐயும், நீளத்தின் தொடக்கத்தையும் பேஸ்64 முறையில் எழுத்தாக மாற்றினால் வருவதுதான் அந்த மூன்று எழுத்து. நீளம் 256க்கும் 16,384க்கும் நடுவில் இருக்கும் வரை இப்படித்தான் வரும். உங்கள் கைபேசி கோபுரத்தோடு பேசும் 4ஜி, 5ஜி செய்திகளும் ஏஎஸ்என்.1 விவரணைதான், ஆனால் அங்கே பிட் பிட்டாகச் சுருக்கி அனுப்புகிறார்கள்.

கேள்வி: சங்க உறுப்பினர் பெயரைத் தமிழில் ஏற்றினால் தலைமை அலுவலகத் திரையில் பாதியில் வெட்டி, கடைசியில் ஒரு கேள்விக்குறி வருகிறது. ஆங்கிலப் பெயர்களுக்கு வருவதில்லை.
– கூட்டுறவுச் சங்க எழுத்தர், பொள்ளாச்சி

பதில்: நடுவில் யாரோ 'பெயர்: 20' என்று எழுதியிருக்கிறார்கள். 20 என்ன என்று எழுதவில்லை. எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அதுவும் நாம் ஒரே எழுத்தாகப் பார்க்கும் 'தி' உள்ளே த, இகரக் கொக்கி என்று இரண்டு குறி, ஆறு பைட். 'திருநெல்வேலி' முழுவதும் 36 பைட். இருபதாவது பைட்டில் வெட்டினால் ஒரு குறியின் நடுவே கத்தி விழுகிறது. அந்த உடைந்த துண்டுதான் உங்கள் கேள்விக்குறி. எக்ஸ்டிஆரைப் பொறுத்தவரை நீளம் என்றால் பைட்தான், அதில் குழப்பமில்லை. ஆனால் அதன் ஆவணம் எழுத்துச் சரத்தை ஆஸ்கி, அதாவது ஆங்கில எழுத்துகளுக்கான பழைய குறியீடு, என்றே சொல்கிறது. தமிழ் எழுதினால் யுடிஎஃப்-8 என்று நாம்தான் கூடுதலாக எழுதி வைக்க வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள். 'கோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது இரட்டைக் கொம்பு, ககரம், கால் என்று நாம் கையால் எழுதுவதைப் போல இரண்டு குறிகளாகப் பிரித்து. திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் 'கோவை' முதல் முறையில் 12 பைட், இரண்டாவதில் 15. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களை இப்படிப் பிரித்துத்தான் சேமிக்கும். ஒரே ஊர்ப் பெயரைத் தேடினால் ஒரு கணினியில் கிடைக்கும், இன்னொன்றில் கிடைக்காது. சேர்த்து எழுதும் முறைக்கு என்எஃப்சி என்று பெயர். உங்கள் தலைமை அலுவலகத்துக்கு இப்படி எழுதுங்கள்: 'யுடிஎஃப்-8, என்எஃப்சி, அதிகபட்சம் 240 பைட்.' தமிழில் பெயர் எழுதும் ஒவ்வொரு அலுவலகத்திலும் இந்த ஒரு வரி இருந்தால் எனக்கு வரும் கடிதம் பாதியாகும்.

கேள்வி: விவரணையை ஒழுங்காக எழுதி, எல்லைகளையும் போட்டுவிட்டால் பிறகு தவறே வராது அல்லவா?
– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: வரும் ஐயா. இயற்பியல் ஆசிரியர் நீங்களே கேட்பதால் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரைச் சொல்கிறேன். 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கியபோது அது தொலைந்துபோனது. விண்கலத்தின் சிறு உந்துதல்களின் அளவைத் தரையில் ஒரு மென்பொருள் கோப்பில் எழுதியது, இன்னொன்று படித்தது. எழுதியது பவுண்டு விசை-வினாடியில். படித்தது நியூட்டன்-வினாடி என்று எண்ணிக்கொண்டு. 4.45 மடங்கு வித்தியாசம். எண்கள் எண்களாகவே சரியாகப் போய்ச் சேர்ந்தன. வகையில் பிழையில்லை, பைட்டில் பிழையில்லை.

அதனால் அலகைப் புலத்தின் பெயரிலேயே எழுதச் சொல்வேன். 'எடை' என்று வேண்டாம், 'எடை கிராமில்' என்று இருக்கட்டும். 'தொகை' வேண்டாம், 'தொகை பைசாவில்'. அப்போது பணத்துக்குத் தசமமே தேவைப்படாது. தேதிக்கு ஆர்எஃப்சி 3339 சொல்வதுபோல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், நேர மண்டலத்தோடு. 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4.

கேள்வி: எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்? வீட்டில் சாதாரண லேப்டாப்தான் இருக்கிறது.
– பாலிடெக்னிக் மாணவர், அரியலூர்

பதில்: ஆர்எஃப்சி 4506 இலவசமாகக் கிடைக்கும், சிறியது. அதையே முதலில் படியுங்கள். படித்ததும் மேலே நான் சொன்ன அந்த 48 பைட்டையும் நோட்டில் கையால் எழுதுங்கள். பிறகு பைத்தானில் அதே 48ஐ வரவழையுங்கள். முன்பு எக்ஸ்டிஆர்லிப் என்றே ஒரு மாட்யூல் இருந்தது, 3.13 பதிப்பில் நீக்கிவிட்டார்கள். ஸ்ட்ரக்ட் மாட்யூலில் பிக் எண்டியன் குறியைப் போட்டுக்கொண்டால் போதும், நிரப்பும் பூஜ்ஜியங்களை நீங்களே கணக்குப் பார்த்துச் சேருங்கள். லினக்ஸ் இருந்தால் ஆர்பிசிஜென் கருவிக்கு விவரணையைக் கொடுத்து, அது எழுதித் தரும் சி நிரலையும் படித்துப் பாருங்கள். நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்பினால், திருத்தி அனுப்புகிறேன்.